சின்னவரை முதுகில் கட்டிய விதம்

ரங்கூன், லான்மடாவ்
அட்சய வருஷம், சித்திரை 10

ரத்தினம், நாளைக்கு எவரும் மாற்றிப் பேசக் கூடாது. அதனால் அன்றைக்கு முற்றத்தில் நின்றவர்கள் பெயரை முதலில் எழுதிவிட்டு, அப்புறம் உன் சுகம் விசாரிக்கிறேன்.

பக்கத்து அறை உம்மு சல்மா. அவள் புருஷன் இப்ராஹிம். கடைக்குப் போகாமல், குடைக்கம்பியை நிமிர்த்துகிற சாக்கில் உட்கார்ந்திருந்தான். மாடியில் இருக்கிற முனிசிபல் மேஸ்திரி நல்லையா, வாயில் வேப்பங்குச்சியோடு. எதிர்வீட்டுக் காமாட்சி, போன ஆடியில் என் அம்மியை வாங்கிக்கொண்டு போய் மூலையை உடைத்துக் கொடுத்தாளே, அவளேதான். பின்கட்டுக்குப் புதிதாகக் குடிவந்த கொரியாக்காரி மா ஓக்சுன், அவளுடைய இரண்டு வயசுப் பெண். அப்புறம் நான், உன் பிள்ளை. இவ்வளவு பேர்தான். வேறு யாராவது ‘நானும் பார்த்தேன்’ என்று உனக்குச் சொல்லி அனுப்பினால் அது பொய்.

இனி சுகம். நான் சுகம். உன் பிள்ளை சுகம். அவனுக்கு உன் அப்பா பெயரை வைத்துவிட்டு நீ ரயில் ஏறிவிட்டாய். புருஷன் பெயரை நான் வாயால் சொல்வேனா, கையால் எழுதுவேனா? சின்னவர் என்று கூப்பிடுகிறேன். அப்படியே எழுதுகிறேன். மேமியோவில் குளிர் என்கிறார்கள். காதைக் கட்டிக்கொள்.

நடந்தது இது. மாசியில் குழாயடியில் விழுந்தேன் அல்லவா, அந்த வலி இன்னும் முழுக்கப் போகவில்லை. இடது இடுப்பில் பிள்ளையை வைத்தால் கால் வெட்டி இழுக்கிறது. வலது இடுப்பில் வைத்துப் பழக்கமில்லை, அவரும் உட்கார மாட்டேன் என்கிறார். ஆறு மாதப் பிள்ளை, கல் மாதிரி கனம். தூளியில் போட்டால் கண் விழித்ததும் கத்தல். எனக்கோ செட்டியார் கிட்டங்கிச் சமையல்கட்டுக்கு மல்லி இடிக்கவேண்டும், மிளகாய் இடிக்கவேண்டும். மா ஓக்சுன் மிளகாய்த்தூள் வாங்க வந்தவள் (முட்டைக்கோசை உப்பிலும் மிளகாயிலும் போட்டு ஊற வைத்துத் தின்கிறார்கள், ங்கப்பி என்று நாறின மீன் விழுதைத் தின்கிற ஊரில் நாம் யாரைச் சொல்வது), என் திண்டாட்டத்தைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் ஒரு துணி கொண்டுவந்தாள். மெத்தை மாதிரி பஞ்சு வைத்துத் தைத்தது, மேல் ஓரத்தில் இரண்டு பக்கமும் நீளமாய் நாடா. போதேகி என்றாள். பிள்ளையை முதுகில் போட்டு, மேலே துணியைப் போர்த்தி, நாடாவை அக்குள் வழியாக முன்னால் இழுத்து மார்புக்கு மேலே குறுக்கே விட்டு, திரும்பவும் பின்னால் கொண்டுபோய்ப் பிள்ளையின் பிட்டத்துக்கு அடியில் தாங்கல் கொடுத்து, முன்னால் முடிச்சுப் போடவேண்டும். அவள் செய்தால் மூச்சு விடுகிற நேரம்.

நான் செய்தேன். கடைசியில் நாடா முனையை, புடவையைச் செருகுவதுபோல் இடுப்பில் செருகினேன். இரண்டடி நடந்தேன். செருகல் உருவிக்கொண்டது. சின்னவர் என் முதுகில் சறுக்கி இறங்கினார். மா ஓக்சுன் ஒரு காலைப் பிடித்துவிட்டாள். கீழே விழவில்லை. அழவும் இல்லை, அவர்தான் சிரித்தார். நல்லையாவும் சிரித்தான்.

“ஏக்கா, மூட்டை சரியாக் கட்டலியே! எந்தக் கப்பல்ல ஏத்துறதுக்கு?”

சித்திரை எட்டாம் தேதி, காலை. எழுதி வைத்துக்கொள். நானும் வைத்திருக்கிறேன்.

மற்றபடி கவலைப்படாதே. வேலையைக் கவனமாகப் பார்.

சொர்ணம்மாள்.


மேமியோ
5-5-1926

ஆத்தாவுக்கு ரத்தினம் வணக்கம் செய்து எழுதுவது. நான் சௌக்கியம். நீயும் இராமையாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று தினமும் நினைக்கிறேன்.

இங்கே சித்திரையிலும் ராத்திரி போர்வை வேண்டியிருக்கிறது. பங்களா பெரியது. துரை காலையில் குதிரையில் போனால் சாயங்காலம்தான். துரைசானி நல்ல மாதிரி, ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு சட்டம். குழந்தை டோரிஸை இடுப்பில் வைக்கக் கூடாது, கால் வளைந்துவிடுமாம். தள்ளுவண்டியில் வைத்துத்தான் தள்ளவேண்டும். என் இடுப்பு சும்மா இருக்கிறது, ஆத்தா. முதல் வாரம் பால் கட்டி நான்கு நாள் காய்ச்சல். இப்போது நின்றுவிட்டது.

காலைப் பிடித்தாள் என்று எழுதினாயே, அதைப் படித்ததும் எனக்குக் கை ஓடவில்லை. அந்தத் துணி நமக்கு வேண்டாம். நம்மவர்கள் யார் பிள்ளையை முதுகில் கட்டுகிறார்கள்? உன் இடுப்பு வலி இன்னும் போகவில்லை என்பதை நீ எனக்கு ரயிலடியில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஏறியிருக்க மாட்டேன்.

உன்னால் முடியாவிட்டால் ஒரு வரி எழுது. துரைசானியிடம் சொல்லிவிட்டு அடுத்த ரயிலில் வந்துவிடுகிறேன். வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம். மறைக்காமல் எழுது.

இராமையாவுக்கு என் முத்தம்.

உன் மகள்
ரத்தினம்.


ரங்கூன், லான்மடாவ்
வைகாசி 6

ரத்தினத்துக்கு ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சுகம். சின்னவருக்குக் கீழே ஒரு பல்.

முடியாவிட்டாலா? யாரைப் பார்த்து எழுதுகிறாய்? மூன்று பிள்ளை பெற்று, இரண்டைப் பறிகொடுத்து, மிஞ்சினவளை வளர்த்து எழுதப் படிக்க வைத்தவள் நான். ‘முடியாவிட்டால் எழுது’ என்று நீ எனக்கு எழுதுகிறாய். இதையும் நான் மறக்கப்போவதில்லை.

பழகிக்கொண்டிருக்கிறேன். முதலில் மல்லி மூட்டையை வைத்துப் பழகினேன். கீழே விழுந்ததை எடுக்கிற மாதிரி குனிய வேண்டும். முதுகு பலகையாக வேண்டும். மூட்டையை (பிள்ளையை) பக்கவாட்டிலிருந்து வழித்து மேலே ஏற்றவேண்டும். அப்புறம் இரண்டு கையையும் விட்டுவிட்டுத் துணியைப் போர்த்தவேண்டும். அந்த ஒரு நொடி பிள்ளையைப் பிடிக்க யாருமில்லை. மா ஓக்சுனுக்கு அது ஒன்றுமே இல்லை. எனக்குக் கை மறுபடி பின்னால் போய் மூட்டையைப் பிடித்துக்கொள்கிறது.

அவளுக்குத் தமிழ் தெரியாது. பர்மாப் பேச்சும் அரைகுறை, எனக்கும் அப்படித்தான். அவள் வாயில் எப்போதும் ஒரே வார்த்தை: “மகவுங்பூ.” நன்றாக இல்லை. நான் கட்டுவேன், அவள் சுற்றி வருவாள், விரலை நாடாவுக்குள் விட்டுப் பார்ப்பாள். “மகவுங்பூ.” அவிழ்த்துவிடுவாள். ஒருநாள் பதினோரு தடவை. பக்கத்தில் நின்ற உம்மு சல்மாவுக்கே பொறுக்கவில்லை.

“ஏம்மா, ஒரு தடவையாச்சும் நல்லாருக்குன்னு சொல்லேன், அக்கா முகத்தப் பாரு!”

அவள் உம்மு சல்மாவைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, என்னைப் பார்த்து, “மகவுங்பூ.”

சீனாக்காரி என்றால் அவளுக்குக் கோபம். ஜப்பான்காரி என்றால் அதைவிடக் கோபம். ஒருநாள் நான் ஆத்திரத்தில் இரண்டையும் சொல்லிவிட்டேன். துணியைச் சுருட்டிக்கொண்டு போனவள் மறுநாள் விடிந்ததும் அதே துணியோடு வந்து நின்றாள். என்னைப் போலவே ஒருத்தி.

பிழை எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன். எனக்குச் செருகத்தான் வருகிறது. நாற்பது வருஷமாகப் புடவை கட்டுகிறேன்; எங்கே ஒரு முடிச்சு போட்டேன்? செருகினால் நிற்கிறது. தூளிக்கு முடிச்சு போடுவதுண்டு, அது உத்தரத்துக்கு. என் உடம்பின்மேல் விழுந்த முடிச்சு ஒன்றே ஒன்றுதான், அதுவும் நான் போட்டதில்லை. அதை அறுத்துப் பத்து வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் நெஞ்சுக்கு நேரே ஒரு முடிச்சு போடு என்றால் கை தானாக விலகிப்போய் இடுப்பில் செருகுகிறது. மா ஓக்சுனுக்கு இதை எந்தப் பேச்சில் சொல்வது?

போடுவேன். போடாமல் விடமாட்டேன். நீ உன் வண்டியைத் தள்ளு.

சொர்ணம்மாள்.


மேமியோ
12-6-1926

ஆத்தாவுக்கு வணக்கம். நலமாக இருக்கிறேன். பதில் தாமதமாகிவிட்டது. டோரிஸுக்கு ஒன்பது நாள் காய்ச்சல். துரைசானி பயந்து அழுதாள். டாக்டர் வந்து போனார். கடைசி மூன்று நாள் சட்டத்தையெல்லாம் விட்டுவிட்டு, ‘நீயே தூக்கிக்கொள்’ என்றாள். இடுப்பில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நடந்தேன். அப்படியே தூங்கியது. காய்ச்சல் விட்டதும் மறுபடி வண்டி.

இராமையாவின் பல்லைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறாய். எந்தப் பக்கத்துப் பல், எப்படி முளைத்தது, கடிக்கிறானா? இடுப்பு பற்றி ஒன்றும் இல்லை. மெய்யாகவே கட்டப் பழகிவிட்டாயா?

அவன் நடக்க ஆரம்பித்தால் கொஞ்சம் பிடித்து நிறுத்தி வை, நான் வருகிறவரை. விளையாட்டுக்குத்தான் எழுதுகிறேன்.

ரத்தினம்.


ரங்கூன், லான்மடாவ்
ஆனி 18

ரத்தினத்துக்கு ஆசீர்வாதம். சுகம், சுகம். மழை விடாமல் பெய்கிறது. பல் இப்போது மூன்று. கீழே இரண்டு, மேலே ஒன்று. கடிக்கிறார்.

முடிச்சு விழுந்துவிட்டது! போன வெள்ளிக்கிழமை. ஒரு மூச்சில் குனிந்தேன், ஏற்றினேன், போர்த்தினேன், இழுத்தேன், போட்டேன். நிமிர்ந்தால் கொஞ்சமும் அசையவில்லை. மா ஓக்சுன் பார்த்துவிட்டு ஒரு பக்கம் அரை விரல் தூக்கலாக இருக்கிறது, மகவுங்பூ என்றாள். இருந்துவிட்டுப் போகட்டும். அவள் துணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எனக்கென்று ஒன்று தைத்துக்கொண்டேன். உன் பழைய நீலப் புடவையை மடித்து, உள்ளே தலையணைப் பஞ்சு. உன்னைக் கேட்காமல்தான் எடுத்தேன். நீ என்னைக் கேட்காமல் எடுத்ததெல்லாம் எழுதினால் இந்தக் காகிதம் பற்றாது.

இப்போது அவர் முதுகில் இருக்கிறபோதே மல்லி இடிக்கிறேன். உலக்கை விழும்போதெல்லாம் தலை இடிபடுமோ என்று பயந்தேன். துணியின் மேல் விளிம்பைக் காதுவரை இழுத்துவிட்டால் தலை ஆடுவதில்லை. பத்து குத்துக்குள் தூங்கிவிடுகிறார். மிளகாய் இடிக்கிற அன்று மட்டும் உம்மு சல்மாவிடம். கடைத்தெருவுக்குப் போகிறேன், கோயிலுக்குப் போகிறேன், இரண்டு கையும் வீசிக்கொண்டு. முகம் தெரியாது, அது ஒன்றுதான் குறை. மூச்சு தெரியும். பிடரியில் எச்சில் ஒழுகுவது தெரியும்.

கடைத்தெருவில் நல்லையா எதிரே வந்தான்.

“அக்கா, கொரியாவுக்கே குடிபோயிட்டியா?”

“ஆமாண்டா. ஒன் பொண்டாட்டியும் வாரேன்னா. முதுகுல கட்டித் தூக்கிட்டுப் போகவான்னு கேட்டேன். மேஸ்திரி முதுகு இருக்கு, அதுல வேலைதான் ஒண்ணுமில்லேன்னா.”

வெற்றிலைக் கடைக்காரன் துப்ப மறந்து விழுங்கிவிட்டான்.

இவரைப்போல் இன்னொன்று இருந்தாலும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று கட்டிக்கொண்டு நிற்பேன். வண்டி இல்லாமல் பிள்ளை வளர்க்கத் தெரிந்த ஒருத்தி ரங்கூனில் இருக்கிறாள் என்று உன் துரைசானியிடம் சொல்.

சொர்ணம்மாள்.


மேமியோ
20-7-1926

அன்புள்ள ஆத்தாவுக்கு ரத்தினம் எழுதுவது. நான் சுகம். நீங்கள் இருவரும் சுகம் என்று தெரிந்து சந்தோஷம்.

சொல்லச் சொன்னாய், சொன்னேன். உன் கடிதத்தைத் துரைசானிக்கு எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் படித்துச் சொன்னேன். வெற்றிலைக் கடைக்காரன் விழுங்கியதற்கு ரொம்பச் சிரித்தாள். உன் தாயார் கெட்டிக்காரி என்றாள்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டாள். நவம்பரில் அவர்கள் சீமைக்குப் போகிறார்கள். இரண்டு வருஷம். டோரிஸ் என்னிடம்தான் சாப்பிடுகிறது, என்னிடம்தான் தூங்குகிறது. நானும் கூட வரவேண்டுமாம். இதை அவள் மே மாதமே ஒருமுறை கேட்டாள். என் பிள்ளையைப் பார்க்க யாருமில்லை, தாயாருக்கு இடுப்பு வலி என்று சொல்லியிருந்தேன். உனக்கு எழுதவில்லை. உன் கடிதத்தைப் படித்துக் காட்டிய பிறகு அந்தச் சாக்கைச் சொல்ல வழியில்லை.

போனால் எனக்கு நல்லது என்கிறாள். எது நல்லது என்று எனக்குத் தெரியவில்லை. நீ சொல்கிறபடி கேட்கிறேன். நீ போ என்றால் போகிறேன். வேண்டாம் என்று ஒரு வரி எழுதினால் அதைக் காட்டி நின்றுவிடுகிறேன்.

யோசித்து எழுது. ஆனால் சீக்கிரம் எழுது.

ரத்தினம்.


மேமியோ
16-8-1926

ஆத்தாவுக்கு. உன் பதில் வரவில்லை. என் கடிதம் வந்ததா? பிள்ளைக்கு ஏதாவதா? உனக்கு ஏதாவதா? செப்டம்பர் பத்துக்குள் கப்பலுக்குப் பெயர் கொடுக்கவேண்டும் என்கிறார்கள். தபால்காரன் வருகிற நேரத்துக்குத் தினமும் வண்டியைக் கேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகிறேன்.

ரத்தினம்.


ரங்கூன், லான்மடாவ்
ஆவணி 17

ரத்தினத்துக்கு ஆசீர்வாதம். நான் சுகம். சின்னவர் சுகம், எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கிறார். உன் இரண்டு கடிதமும் வந்தன. கூரை ஒழுகிக் காகிதமெல்லாம் நனைந்துபோயிற்று, அதனால் எழுதவில்லை. இப்ராஹிம் இப்போதுதான் புதுக் காகிதம் வாங்கிவந்தான்.

மா ஓக்சுன் ஒரு பானை முட்டைக்கோசைப் பின்கட்டில் புதைத்து வைத்திருந்தாள். மழைத்தண்ணீர் உள்ளே போய்ப் பானையே பொங்கிவிட்டது. நாற்றம் மூன்று வீட்டுக்கு. காமாட்சி முனிசிபாலிட்டிக்கு எழுதிப்போடுவேன் என்றாள். முனிசிபாலிட்டி மாடியில்தான் குடியிருக்கிறது, போய்ச் சொல் என்றேன்.

த்வாண்டேயிலிருந்து புதுப் பானைகள் வந்திருக்கின்றன. நல்ல சுட்ட மண்.

நீ கேட்டாய். போய் வா. இங்கே என் முதுகு இருக்கிறது.

குளிருக்குக் கம்பளிச் சட்டை கேட்டு வாங்கிக்கொள்.

சொர்ணம்மாள்.


மேமியோ
6-9-1926

ஆத்தாவுக்கு வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. பெயர் கொடுத்துவிட்டேன். நவம்பர் 3 ரங்கூன் வருகிறோம், 5 கப்பல். இரண்டு நாள் வீட்டில் இருக்க விட்டிருக்கிறார்கள்.

ரத்தினம்.


லண்டன்
28-12-1926

ஆத்தாவுக்கு ரத்தினம் வணக்கம். நீயும் இராமையாவும் சௌக்கியமாக இருக்கவேண்டும். நான் உயிரோடு இருக்கிறேன்.

இங்கே வந்த நாலாம் நாள் வெள்ளைக்கார நர்ஸ் ஒருத்தியை வைத்துவிட்டார்கள். துரைசானியின் தாயார் வைத்தது. டோரிஸ் மாடியில், நான் கீழே. துணி துவைக்கிறேன், கரி அள்ளுகிறேன். முதல் வாரம் மாடியிலிருந்து அது என்னைக் கூப்பிட்டு அழுவது கேட்டது. இப்போது கேட்பதில்லை. என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. சாப்பாடு உண்டு. எந்தக் குழந்தையும் என் கையில் இல்லை, அவ்வளவுதான்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. நீ ஏன் வேண்டாம் என்று எழுதவில்லை? ஆகஸ்டு முழுவதும் அந்த ஒரு வரிக்காகத்தான் கேட்டில் நின்றேன். வேண்டாம் என்று நானே துரைசானியிடம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. உனக்கே நான் வேண்டியிருக்கவில்லையோ என்று நினைத்தேன்.

கப்பலுக்கு முன்னால் வந்த இரண்டு நாளும் அவன் உன் முதுகை விட்டு இறங்கவில்லை. நான் கையை நீட்டினால் நீ அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாய். சாப்பிடும்போதும் இறக்கவில்லை. சாயங்காலம் அவன் தூங்கின பிறகு தூளியில் பார்த்தேன். பகலெல்லாம் அவனை என் நீலப் புடவையில் உன் முதுகோடு கட்டியிருந்தாய். நன்றாகத்தான் கட்டியிருந்தாய். எனக்கு அங்கே வேலை இல்லை என்று கப்பலேறினேன்.

பதில் எழுது. மேல்விலாசத்தை, அவர்கள் இங்கிலீஷில் எழுதிக்கொடுத்து நான் இதோடு வைத்திருக்கிற காகிதத்தைப் பார்த்து அப்படியே வரை.

ரத்தினம்.


ரங்கூன், லான்மடாவ்
தை 22

என் மகள் ரத்தினத்துக்கு சொர்ணம்மாள் எழுதுவது. கடிதம் நேற்று வந்தது. சின்னவர் சுகம். நடக்கிறார். நான் சுகமில்லை. இதுவரை சுகம் என்று எழுதினதெல்லாம், கடிதம் என்றால் அப்படி எழுதவேண்டும் என்பதற்காக எழுதினது.

கேட்டாய், சொல்கிறேன். ஆடியிலும் ஆவணியிலுமாக நாற்பது நாள் படுத்த படுக்கை. பிள்ளையோடு குழாயடிக்குப் போய்த் திரும்புகிறபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்து உட்கார்ந்தேன். முடிச்சு நின்றது, அவருக்கு ஒன்றுமில்லை. என்னால்தான் எழ முடியவில்லை. உம்மு சல்மா கஞ்சி கொடுத்தாள். காமாட்சி என் துணியைத் துவைத்தாள். நல்லையா தினமும் இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். கேலி ஒன்றும் பேசவில்லை, அதிலேயே எனக்குப் பயம் வந்துவிட்டது. மா ஓக்சுன் தன் பெண்ணைக் கீழே நடக்கவிட்டுவிட்டு, சின்னவரைத் தன் முதுகில் கட்டிக்கொண்டு திரிந்தாள். உனக்கு யாரும் எழுதக் கூடாது என்று நான்தான் சத்தியம் வாங்கினேன்.

உன் கடிதம் என் தலைமாட்டில் இருந்தது. வா என்பது ஒரே எழுத்து. அதை எழுத என் படிப்பு போதும். ஆனால் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று கட்டுவேன் என்று எழுதின கை, முடியவில்லை என்று எழுத மறுத்தது. நான் அப்படித்தான். உனக்குத் தெரியும்.

எழுந்து நின்ற அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். சின்னவரை யார் உதவியும் இல்லாமல் கட்டுவது. மா ஓக்சுன் பார்த்துவிட்டு எப்போதும்போல் மகவுங்பூ என்றால், ‘முடியவில்லை, வா’ என்று உனக்கு எழுதிவிடுவது. அப்போது அது நான் சொன்னது ஆகாது, கற்றுக்கொடுத்தவள் சொன்னது. ஐந்து மாதத்தில் அவள் வேறு வார்த்தை பேசினதில்லை. எழுதிவிட்டது மாதிரிதான் என்று இருந்தேன். காகிதம்கூட எடுத்து வைத்தேன்.

முடிச்சைக் கொஞ்சம் தளர விடலாமா என்றும் நினைத்தேன், பொய் சொல்லவில்லை. உள்ளே பிள்ளை இருக்கும்போது கை அதற்குச் சம்மதிக்காது. இறுக்கித்தான் கட்டியது. அவள் சுற்றி வந்தாள். விரலை விட்டுப் பார்த்தாள். அவர் காலைத் தொட்டுப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“கவுங்தெ,” என்றாள். நன்றாக இருக்கிறது என்றாள். சிரித்தாள் வேறு.

உம்மு சல்மா கை தட்டினாள். அன்று மத்தியானம்தான் உனக்குப் போய் வா என்று எழுதினேன்.

நீ வந்த இரண்டு நாளும் அவரை இறக்காததற்குக் காரணம் கேள். இறக்கிவிட்டால் மறுபடி ஏற்ற என்னால் குனிய முடியாது. காலையில் நீ எழுவதற்கு முன்னால் உம்மு சல்மா வந்து தூக்கி வைத்துவிட்டுப் போவாள், நான் கட்டிக்கொள்வேன். இறக்கினால் நீ பார்த்துவிடுவாய். நீ கையை நீட்டினதைப் பார்த்தேன். பார்க்காமல் இல்லை.

இப்போது எழுதுகிறேன். இதை அந்தத் துரைசானிக்குப் படித்துக் காட்டு. சிரிக்க இதில் ஒன்றுமில்லை. என் தாயாருக்கு முடியவில்லை, பிள்ளை தெருவுக்கு ஓடுகிறான், பின்னால் ஓட ஆளில்லை என்று சொல். எந்தக் கப்பல் என்று கேட்டு எழுது. வா.

நல்லையாவை மன்னித்துவிட்டேன். அம்மி விஷயத்தில் காமாட்சியைப் பாதி மன்னித்தேன். துரைசானியின் தாயாரை நான் பார்த்ததில்லை, பார்க்காதவர்களைப் பகைப்பது எனக்குப் பழக்கமில்லை. உன்மேல் கோபமில்லை. என்மேல் இருக்கிறது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். கொரியாக்காரர்கள் கார்த்திகையில் பினாங்குக்குப் போய்விட்டார்கள். சொல்லிக்கொள்ள வந்தாள், வேர் ஒரு பொட்டலம் கொடுத்தாள், காய்ச்சிக் குடித்தால் இடுப்புக்கு நல்லதாம். நான் எழுந்து வாசல்வரை போகவில்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் அவள் நல்லவள் என்பார்கள். நானும் அதையே சொல்வேன். ஆனால் அத்தனை நாள் சொல்லாததை அந்த ஒரு நாள் பார்த்துச் சொன்னாளே, அதற்காக நான் சாகிறவரை மன்னிக்காத ஆள் ஒருத்தி இருக்கிறாள். பெயரை எழுதி வைத்துக்கொள்: மா ஓக்சுன்.